தூண்டில் படகில் ஏறுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

படகொன்றை முழுதாக வாடகைக்கு அமர்த்தி, கடலறிந்த ஓட்டி ஒருவரின் வழிகாட்டலில் தூண்டில் போடச் செல்லும் பயணங்களைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணர் ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்துடன் வருகிறார். கொழும்பிலிருந்தே படகெடுத்துக் கடலில் தூண்டில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆண்டு முழுவதும் போகலாம் என்று முகவர் ஒருவர் சொல்கிறார். முற்பணம் கட்டலாமா?
(எஸ். ஜெ., வெள்ளவத்தை)

பதில்: கட்ட வேண்டாம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, நீர்கொழும்பு முதல் மாத்தறை வரையான கரையை நேரே வந்து மோதுகிறது. அந்தக் காலத்திலும் இடையிடையே கடல் ஓரிரு நாட்கள் அடங்கிக் கிடக்கும். அந்த இடைவெளியைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிற மீனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விடியற்காலையில் கரையில் நின்று, அலை எழும்பும் விதத்தையும் மேகத்தையும் பார்த்து, போவதா வேண்டாமா என்று அந்த நேரத்தில் முடிவு செய்கிறவர்கள். ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்துப் பணமும் கட்டிவிட்ட ஒருவரால் அப்படி முடிவெடுக்க இயலாது. போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் விபத்துகள் நேர்கின்றன.

கிழக்குக் கரையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. மேற்குக் கரை கொந்தளிக்கும் அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அங்கே வேறொரு வசதியும் உண்டு. ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுக வாயிலை அண்மித்து வருவதால், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் கிடைக்கிறது. சூரையையும் மயில் மீனையும் தேடி வெகுதூரம் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஜூலையில் பிற்பகல் நேரத்தில் தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று பலமாக வீசும். கரையோரத்தில் அலை குறைவாகத் தெரிவதால் இந்தக் காற்றை வெளியூரார் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இயந்திரம் நின்றுபோன படகை அது வெளிக்கடலுக்கே தள்ளிக்கொண்டு போகும். எனவே விடிவதற்கு முன் புறப்பட்டு, மதியத்துக்கு முன் கரை சேரும்படி பேசிக்கொள்ளுங்கள். நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவு 2003 ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால் அதன் எல்லைக்குள் தூண்டில் போடுவது குற்றம். “கொஞ்ச நேரம் போட்டுப் பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். அண்ணர் குடும்பத்தினர் கடவுச்சீட்டையும் நீங்கள் அடையாள அட்டையையும் கையோடு வைத்திருப்பது நல்லது.

கொழும்பை விட்டு நகர முடியாதென்றால், பொல்கொடை ஏரியில் கொடுவாய்க்குத் தூண்டில் போடலாம். ஏரி என்பதால் சோளகக் காலத்திலும் பெரிய அலை இல்லை, பிள்ளைகளுக்கும் ஏற்றது. கொழும்புக் கடலே வேண்டும் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலத்துக்குள் இன்னொரு தடவை வரச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கு மணிநேரப் பயணத்துக்கு ஒருவர் சொல்லும் கட்டணம் இன்னொருவர் சொல்வதைப்போல் இரண்டு மடங்காக இருக்கிறது. எதை வைத்துத் தெரிவு செய்வது?
(எம். ஆர்., கொட்டாஞ்சேனை)

பதில்: முதலில் நான்கு மணிநேரம் என்பதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இலங்கையைச் சுற்றியுள்ள கண்டமேடையின், அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்படுகையின், சராசரி அகலம் சுமார் 20 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து அதன் விளிம்பை, அதாவது கடல் திடீரென்று ஆழமாகும் இடத்தை அடைவதற்குச் சாதாரண வேகத்தில் ஒரு மணிநேரமாவது செல்லும். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் கையில் மிஞ்சுவது இரண்டு மணிநேரந்தான். ஆகவே கெலவல்ல (மஞ்சள் துடுப்புச் சூரை), மயில் மீன் போன்ற வெளிக்கடல் மீன்களே நோக்கமென்றால் நான்கு மணிநேரப் பயணத்தில் பணத்தைப் போடாமல் எட்டு மணிநேரப் பயணத்தை எடுங்கள். அடிக்கடலில் கல்லுள்ள இடங்களில் விளைமீனும் கலவாயும் பிடித்தால் போதுமென்றால் நான்கு மணிநேரமே தாராளம். தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் கண்டமேடை இன்னும் குறுகியது என்பதால் அங்கே குறைந்த நேரத்தில் ஆழத்துக்குப் போய்விடலாம். இரண்டு ஊர்களின் கட்டணத்தை நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியாகாததற்கு இதுவே காரணம்.

கட்டணத்தில் பெரும் பங்கு எரிபொருளுக்குப் போகிறது. “எரிபொருள் உட்பட” என்று எழுத்தில் இல்லாவிட்டால், கரைக்குத் திரும்பிய பிறகு புதிய கணக்கொன்று வரக்கூடும். அடுத்தது படகு. இரண்டு இயந்திரங்கள் உள்ள படகுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் தவறில்லை. கரையிலிருந்து 20 கிலோமீற்றர் அப்பால் ஒன்று பழுதானால் மற்றது உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும். சர்வதேச அவசர அழைப்புக்குரிய 16 ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய வானொலிக் கருவி படகில் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று கேளுங்கள். கைத்தொலைபேசியின் அலை கடலில் எங்கே அறுந்துபோகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பதிவு விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில் தீட்டியிருக்கும் இலக்கம், அது கடற்றொழில் நீரியல் வளங்கள் திணைக்களத்தில் மீன்பிடிப் படகாகப் பதிவு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். அதை வைத்து, கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவதற்கான அனுமதியும் காப்புறுதியும் இருப்பதாக முடிவுகட்டிவிடக் கூடாது. காப்புறுதிப் பத்திரத்தில் பயணிகளும் உள்ளடங்குகிறார்களா, எத்தனை பேர் வரை என்று கேட்டு, பத்திரத்தையே காட்டச் சொல்லுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, முன்பதிவு செய்வதற்கு முன் ஓட்டியுடன் நேரில் அல்லது தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசுவது. முகவருடனோ ஹோட்டல் வரவேற்பறையிலோ பேசுவது அதற்கு ஈடாகாது. அந்த மாதத்தில் என்ன மீன் ஓடுகிறது, எந்தப் பக்கம் போவதாக இருக்கிறார், காற்று ஏறினால் என்ன செய்வார் என்று கேளுங்கள். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து கடலில் வளர்ந்தவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலில் “இல்லை”, “முடியாது”, “அன்றைக்குப் பார்த்துத்தான்” என்ற சொற்கள் அடிக்கடி வரும். எதற்கும் “ஆம்” என்று சொல்கிறவரைவிட அப்படிப் பேசுகிறவரிடம் உங்கள் குடும்பத்தை ஒப்படைப்பது பாதுகாப்பு.

கேள்வி: தூண்டில் கோல் பிடித்துப் பழக்கமே இல்லாதவர்கள் போகலாமா? சொந்தமாக ஏதும் வாங்க வேண்டுமா?
(கே. பி., தெமட்டகொடை)

பதில்: தாராளமாகப் போகலாம், கோல், இழை சுற்றும் றீல், தங்கூசி இழை, இரை எல்லாம் படகிலேயே இருக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை தொப்பி, நீண்ட கைச் சட்டை, வழுக்காத செருப்பு, தாராளமான குடிதண்ணீர். மீன் கடித்து றீல் அலறத் தொடங்கியதும் பழக்கமில்லாதவர்கள் பதறிப்போய் அதன் பிடிமானத்தை இறுக்கிவிடுவார்கள். இழை அறுவது பெரும்பாலும் அப்போதுதான். இழை தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுவைக்கே றீல் வழிவிடும்படி ஓட்டி முன்கூட்டியே அமைத்திருப்பார். ஓடுகிற மீனை ஓட விட்டு, அது தளரும்போது கோலை மெல்ல உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள்.

கேள்வி: சென்ற மார்ச் மாதம் நண்பர்களுடன் முழுநாள் பயணத்துக்குப் பணம் கட்டிப் போனேன். கடல் கண்ணாடிபோல் கிடந்தது. ஆனால் மதியம் ஆவதற்குள் ஓட்டி எவ்வளவு சொல்லியும் கேளாமல் படகைத் திருப்பிவிட்டார். மழை பெய்தது உண்மைதான்; ஆனாலும் அது நாங்கள் கரைக்கு வந்து ஒரு மணிநேரம் கழித்தே பெய்தது. பணத்தில் ஒரு பகுதியைக்கூடத் திருப்பித் தரவில்லை. இது நியாயமா?
(ஏ. வி., வத்தளை)

பதில்: படகைத் திருப்பியது நியாயம். பணத்தைப் பற்றிப் பேச மறுத்தது நியாயமில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் கடல் அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரைக்கு மேலே மேகம் திரண்டு, பிற்பகலில் இடி மின்னலாக இறங்கும். திறந்த படகில், சுற்றிலும் நீர் மட்டுமே உள்ள இடத்தில், மிக உயரமான பொருள் நீங்கள் பிடித்திருக்கும் கோல்தான். இன்றைய கோல்களில் பல கரியிழையால் ஆனவை; கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடியோசை காதில் விழும்போதே மின்னல் எட்டக்கூடிய தூரத்துக்குள் வந்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு, கோல்களைக் கீழே கிடத்திவிட்டுத் திரும்ப வேண்டும். உங்கள் ஓட்டி அந்த ஓசைக்கும் முன்பே கிளம்பியிருக்கிறார். நீங்கள் கரையேறி ஒரு மணிநேரத்தில் மழை வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வழியில் கழிந்த நேரத்தையும் அத்துடன் கூட்டிப் பாருங்கள். மீன் கிடைக்கும் என்று எந்த ஓட்டியாலும் உத்தரவாதம் தர முடியாது. அவருக்கு நாம் கொடுக்கும் கட்டணத்தின் பெரும்பகுதி, எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்த அவருடைய கண்ணுக்கானது. அந்த முடிவில் பயணி வாதாடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வாதாடி வென்ற பயணிகளின் கதைகள் சில துயரமாக முடிந்திருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, வானிலையால் பயணம் குறுகினால் என்ன செய்வது என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன்பே ஓட்டி வேண்டாமென்றால் முழுப் பணம் அல்லது வேறொரு நாள். பாதிக்கு மேல் நேரம் மிச்சமிருக்கத் திரும்பினால் எரிபொருள் செலவு போக மீதியில் ஒரு பங்கு. இப்படி இருதரப்பும் ஒத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்ற பயத்தில் ஓட்டி படகைத் திருப்பத் தயங்கும்படியான நிபந்தனையை மட்டும் போட்டுவிடாதீர்கள். சம்பளத்துக்கு ஓடுகிற ஓட்டியானால், படகின் உரிமையாளரான சம்மாட்டியிடம் பேசும்போது இதை அழுத்திச் சொல்லுங்கள். புறப்படும் நாளுக்கு முதல்நாள் மாலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையை நீங்களும் பார்ப்பது நல்லது. கொழும்பு அடங்கும் கரையோரப் பகுதியின் காற்று வேகமும் அலை நிலையும் அதில் தனியாகவே தரப்பட்டிருக்கும்.

கேள்வி: எனக்கும் மகளுக்கும் பேருந்திலேயே தலை சுற்றும். கடலில் என்ன பாடு படுவோமோ?
(திருமதி ஆர். டி., பம்பலப்பிட்டி)

பதில்: கடல் தலைச்சுற்றலுக்கான மாத்திரைகள் வாந்தி தொடங்கிய பிறகு அதிகம் உதவுவதில்லை. மகளின் வயதையும் எடையையும் சொல்லி மருத்துவரிடம் கேட்டு, படகேறுவதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும் என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ப் பலகாரமும் கூடாது. இரண்டு துண்டு பாணும் இஞ்சித் தேநீரும் போதும். படகில் முன்பக்கம் அதிகம் துள்ளும் என்பதால் நடுப்பகுதியிலிருந்து பின்பக்கமாக, ஆனால் இயந்திரப் புகை முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, தொடுவானத்தைப் பாருங்கள். குனிந்து கைத்தொலைபேசியைப் பார்ப்பதைப்போல் கெட்டது வேறில்லை. மகளுக்குப் பெரியவர்களின் உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீரில் விழுந்தால் அது தலைக்கு மேலால் கழன்றுவிடும். சிறுவர் அளவு அங்கி இல்லாத படகில் சிறுவரை ஏற்றக் கூடாது.

கேள்வி: பயணத்தில் பிடித்த சூரையை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்று மாலையே குழம்பு வைத்தோம். சாப்பிட்ட அரைமணிக்குள் நான்கு பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலையிடி வந்துவிட்டது. அன்று பிடித்த மீன் எப்படிக் கெட்டுப்போகும்? மீன் ஒவ்வாமை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.
(என். எஸ்., தெஹிவளை)

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஹிஸ்டமின் நஞ்சேற்றத்துடன் அப்படியே பொருந்துகின்றன. சூரை, கெலவல்ல போன்ற மீன்களின் தசையில் இயல்பாகவே உள்ள ஒரு பொருளை, வெப்பத்தில் பெருகும் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. சில மணிநேர வெயிலே இதற்குப் போதும். மீனின் நிறத்திலோ மணத்திலோ எந்த மாற்றமும் தெரியாமலும் இருக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், புளியும் மிளகாயும் எவ்வளவு சேர்த்தாலும், உருவான ஹிஸ்டமின் அழியாது. உறைய வைத்தாலும் போகாது. ஒவ்வாமை இல்லாத நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் வந்ததே, காரணம் மீனின் நிலையில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். பொதுவாக ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மூச்சு முட்டினாலோ, ஆஸ்த்துமா உள்ளவர் சாப்பிட்டிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூரை இனத்தின் உடல் சுற்றியுள்ள நீரைவிடச் சூடானது. தூண்டிலில் போராடும்போது இன்னும் சூடேறுகிறது. அப்படிப்பட்ட மீனைப் படகின் தளத்தில் ஈரச் சாக்கால் மூடிப் போட்டுவைப்பது கேட்டை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். ஏறிய உடனே மார்புச் செட்டைக்குப் பின்னால் கீறி இரத்தத்தை வடியவிட்டு, செவுளையும் குடலையும் எடுத்து, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் முழுதாக அமிழ்த்த வேண்டும். ஐஸ் துண்டுகளுக்கு இடையே காற்று நிற்பதால், வெறும் ஐஸைவிட இந்தக் கலவை மீனைச் சுற்றிலும் தொட்டு வேகமாகக் குளிர்விக்கும். புறப்படும்போதே ஐஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். மீனின் எடைக்குச் சமமான ஐஸாவது வேண்டும். குளிர்பானப் போத்தல்களுக்கு மேல் தூவிய அளவுதான் இருக்கிறதென்றால், பேலியகொடையிலோ முகத்துவாரத்திலோ இன்னும் வாங்கிய பிறகே படகு கிளம்ப வேண்டும். வண்டியில் வீடு வரும் வழியிலும் ஐஸ் அவசியம்.

கேள்வி: கலவாய் மீனைத் தூக்கியதும் வாயிலிருந்து பலூன்போல் ஒன்று வெளியே வந்திருந்தது. அதைக் குத்திக் காற்றை இறக்கிவிட்டுக் கடலில் விட்டால் பிழைக்கும் என்று படகிலிருந்த இளைஞர் குத்திவிட்டார். பிழைத்திருக்குமா?
(ஜே. எல்., மட்டக்குளி)

பதில்: பிழைத்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பலூன் காற்றுப்பை அன்று, மீனின் இரைப்பை. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 40 மீற்றர் ஆழத்திலிருந்து இழுத்து வரும்போது மீனின் உள்ளே இருக்கும் வாயு ஐந்து மடங்காக விரிந்து, இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளுகிறது, கண்களும் பிதுங்கும். அப்படியே விட்டால் கீழே இறங்க முடியாமல் வயிறு மேலாக மிதந்து, வெயிலிலும் பறவைகளின் வாயிலும் போய்விடும். இதற்குச் செய்யக்கூடியது, கீழுதட்டில் முள்ளற்ற கொக்கியை மாட்டி, கனமான ஈயக் குண்டுடன் வந்த ஆழத்துக்கே இறக்கிவிடுவது. கீழே அழுத்தம் வாயுவை மறுபடி சுருக்கியதும், இழையை ஒரு சுண்டு சுண்டினால் கொக்கி கழன்று மீன் விடுபடும்.

இந்த இடத்தில் என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். கலவாய் இனங்களில் பல, பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பிறகே ஆணாக மாறுகின்றன. ஒரு கல்லில் உள்ள பெரிய கலவாய்களைப் படம் எடுப்பதற்காக ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டால், அந்தக் கல்லில் இனம் பெருக்கும் ஆண்களே இல்லாமல் போகலாம். வீட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் அடித்தூண்டிலை நிறுத்தி, மேல்நீரில் பாரைக்கோ சீலாவுக்கோ மாறச் சொல்லுங்கள். மேல்நீரில் பிடித்த பாரையைக் கை நனைத்துப் பிடித்து, செவுளில் விரல் விடாமல், வயிற்றைத் தாங்கித் தூக்கி, உடனே விட்டால் நன்றாக நீந்திப் போகும். மூன்று முனைக் கொக்கிகளுக்குப் பதிலாக முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கிகளைக் கேட்டுப் போடுங்கள். சாட்டைபோல் நீண்ட வாலுள்ள திரெஷர் சுறாவையும் திமிங்கலச் சுறாவையும் பிடித்து வைத்திருப்பது இலங்கையில் சட்டப்படி தடை; கடலாமைக்கும் அப்படியே. தவறுதலாகக் கொளுவிக்கொண்டால் படகில் ஏற்றாமல், நீரில் வைத்தே இழையை வாய்க்கு அருகில் வெட்டிவிட வேண்டும்.

கேள்வி: கொழும்புக்கு அப்பால் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களில் மீன் அதிகம் என்கிறார்களே, அங்கே போகச் சொல்லலாமா?
(பி. ஐ., கல்கிசை)

பதில்: மீன் அதிகம் என்பது உண்மை. 1917 ஆம் ஆண்டு, ஜெர்மனியின் வுல்ஃப் என்ற கப்பல் பதித்துவிட்டுப் போன கண்ணிவெடிகளில் சிக்கி மூழ்கிய வூஸ்டர்ஷயர், பேர்சியஸ் ஆகிய இரு பிரித்தானியக் கப்பல்களும் அப்படிக் கிடப்பவைதான். மேற்பரப்பில் இழுவைத் தூண்டிலோ, நீர்மேல் தெறிக்கும் செயற்கை இரையான பொப்பரோ போட்டால் குறையொன்றுமில்லை. ஆனால் நங்கூரம் போடக் கூடாது. கப்பலின் உடலையே அது உடைக்கும், பெரும்பாலும் மாட்டிக்கொண்டு திரும்பியும் வராது. அடித்தூண்டிலும் இரும்பில் சிக்கி அறுந்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே மீன்களைக் கொளுவிக் கொல்லும். அந்த இடங்களில் சுழியோடுபவர்களும் இறங்குவார்கள். நீலமும் வெள்ளையுமான கொடி கட்டிய படகொன்று நின்றால் கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் ஓட்டி வேறிடம் போக வேண்டும்.

கேள்வி: பயணம் முடிந்ததும் சந்தோஷம் (அன்பளிப்புப் பணம்) கொடுப்பது வழக்கமா? யாரிடம் கொடுப்பது?
(வி. கே., நாரஹேன்பிட்டி)

பதில்: கட்டாயமில்லை, ஆனால் கொடுப்பதே வழக்கம், கொடுக்கவும் வேண்டும் என்பேன். ஓட்டிக்கும் உதவியாளுக்கும் தனித்தனியாக, அவரவர் கையிலேயே கொடுங்கள். இரை கோப்பது, சிக்கெடுப்பது, மீன் கழுவுவது, வாந்தி எடுத்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது என்று நாள் முழுவதும் ஓடுகிற உதவியாளின் சம்பளம் பெரும்பாலும் சிறியது. மீன் கிடைக்காத நாளில் குறைத்துக் கொடுக்காதீர்கள். அன்றைக்கும் அவர்கள் அதே அளவு வேலைதான் செய்திருப்பார்கள். பிடித்த மீன் யாருக்கு என்பதையும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்: சில படகுகளில் எல்லாம் உங்களுக்கே, சிலவற்றில் ஒரு பங்கு மட்டுமே. நீர்கொழும்பில் படகெடுக்கிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து நாள் குறியுங்கள். அங்குள்ள மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அன்று அவர்கள் பூசைக்குப் போவார்கள்.